சுமப்பவன் யார்?

சில மாதங்களுக்கு முன் நியூஸீலாந்திலிருந்து என் மைத்துனர் ஒரு கடிதம் விடுத்திருந்தார். அவர் என் தங்கையின் கணவர். அந்நாட்டின் தென் தீவில் ஒரு பால்பண்ணையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் உத்தியோகம். அரசாங்க உரிமம் பெற்று, ஓய்வு நாட்களில் மலைக்கு வேட்டையாடச் செல்வது அவருடைய வழக்கம். கடிதத்தின் சாரம் இது: “மச்சான், எடை குறைந்த ரைபிள் ஒன்று எனக்கு அவசியமாக வேண்டியிருக்கிறது. என் உடலுக்கு அளவெடுத்துக் கைத்தொழிலாளி ஒருவரிடம் செய்விப்பதா? அல்லது கடையில் கிடைக்கும் தொழிற்சாலைச் சரக்கை வாங்குவதா? தாங்கள் கணக்குப் பார்ப்பதில் கெட்டிக்காரர். தங்கள் சொற்படி செய்கிறேன்.”

இரண்டு நாள் கழித்துத் தங்கையிடமிருந்து தனியே ஒரு கடிதம் வந்தது. “அண்ணா, அவருக்கு என்ன எழுதினாலும் யோசித்து எழுதுங்கள். கையில் இருக்கும் பணம் என் தாதியர் படிப்புக்கென்று நாங்கள் இருவரும் மூன்று ஆண்டுகளாகச் சேர்த்தது. நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்” என்றிருந்தது.

நான் தோட்டத்துக் கிராணி. செம்பனைக் குலைகளின் எடையைக் கணக்கில் ஏற்றத் தெரியுமே அன்றித் துப்பாக்கியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆயினும் கேட்டவர் மாப்பிள்ளை, கலங்கியவள் தங்கை. கைவிரித்துவிட மனம் வரவில்லை. நான்கு இரவுகள் விளக்கெரித்து, ஆங்கிலத்தில் கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன்.

வேட்டை என்றதும் முகஞ்சுளிக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. நியூஸீலாந்து மண்ணில் இயற்கையாகத் தோன்றிய பாலூட்டும் நிலவிலங்கு வௌவாலைத் தவிர வேறில்லை. மானும் பிறவும் வெள்ளையர் கொண்டுபோய் விட்டவை. இமயமலைக் காட்டாடுகள் சிலவற்றை 1904-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பெட்போர்டு கோமகன் அன்பளிப்பாக அனுப்பினார். குக் மலையருகே விடப்பட்ட அவை பல்கிப் பெருகி, மலைச்செடிகளை மேய்ந்து அழிக்கத் தொடங்கவே, அரசாங்கமே அவற்றைக் குறைத்து வருகிறது. நம் நீலகிரி வரையாட்டுக்கு அவை உறவு முறையுடையவை. வரையாடு அருகிப்போனதால் அதனைச் சட்டம் காக்கிறது. அங்கே அதன் உறவினம் மிகுந்துபோனதால் சுடப்படுகிறது. மைத்துனர் சுடுவதும் இறைச்சிக்காகவே.

எடை குறைவு ஏன் வேண்டும் என்பதற்கும் அவர் காரணம் சொல்லியிருந்தார். முந்திய ஆண்டு நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய பழைய ரைபிளுடன் மலையேறினாராம். தொலைநோக்கியும் தோட்டாவும் சேர்ந்து ஏறக்குறைய 5 கிலோ. இறங்கும்போது சரளைக்கல்லில் கால் வழுக்கி முழங்கால் பிசகிற்று; மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை. ஆகவே அவர் கேட்டது வெறும் ஆசை அன்று.

நிற்க. நான் படித்தறிந்ததைச் சுருங்கச் சொல்கிறேன்.

அளவெடுத்துச் செய்வித்த துப்பாக்கி, தையற்காரன் தைத்த சட்டையைப் போன்றது. கட்டையின் நீளம் கைக்கேற்ப அமைகிறது. குழலையும் பூட்டுப் பொறியையும் கைத்தொழிலாளி ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்துகிறார். எடையைக் குறைப்பதிலும் முதலில் பெரும் வெற்றி கண்டவர்கள் இத்தகையோரே. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த மெல்வின் போர்ப்ஸ் என்பவர் 1980-களில் மரக்கட்டையை நீக்கி, செயற்கை நாரினால் ஓர் இராத்தல் அளவே எடையுள்ள கட்டை செய்து, முழு ரைபிளையும் ஏறக்குறைய 5 இராத்தலுக்குக் கொண்டுவந்தார். தொழிற்சாலைகளும் வாளா இருக்கவில்லை. வின்செஸ்டர் 1952-இலும் ரெமிங்டன் 1986-இலும் மலை வேட்டைக்கென இலேசான ரைபிள்களை வெளியிட்டன. பின்லாந்தின் டிக்கா 2003 முதல் செய்யும் வகை ஏறக்குறைய 3 கிலோவே. முன்பு தொழிற்சாலைச் சரக்கில் குறி பிசகுவதுண்டு. இன்று இயந்திரங்கள் நுட்பமாகக் கடைவதால் அந்தக் குறை பெரிதும் நீங்கிவிட்டது. விலையிலோ கைவேலைப்பொருள் பன்மடங்கு; காத்திருப்பும் மாதக்கணக்கு, சில சமயம் ஆண்டுக்கணக்கு. ஒருவர் உடலுக்கென்று செய்ததை மறுவிலைக்கு வாங்குவோரும் சிலரே.

இன்னொரு விஷயம் என்னை வியக்க வைத்தது. குமாவுன் மலைநாட்டில் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்கு 1907-இல் பரிசளிக்கப்பட்ட ரைபிள், லண்டன் ரிக்பி நிறுவனத்தார் செய்தது. அதன் பூட்டுப் பொறியோ ஜெர்மனியின் மௌசர் தொழிற்சாலையில் பலவற்றோடு ஒன்றாகப் பிறந்தது. இன்றும் கைவேலைத் துப்பாக்கிகள் பல தொழிற்சாலைப் பொறியின் மீதே எழுகின்றன. கைவேலை, ஆலைவேலை என்று நாம் கிழிக்கும் கோடு அவ்வளவு நேரானதன்று.

எடை குறைவதிலும் ஒரு தண்டனை உண்டு. ஒரே தோட்டாவைச் சுடும்போது துப்பாக்கியின் எடை பாதியானால் தோளில் வாங்கும் உதையின் வேகமும் வலுவும் இரு மடங்காகும். கையில் அது அசையாமல் நிற்பதும் கடினம். ஆகையால் இலேசான ரைபிளுக்கே அளவுப் பொருத்தம் அதிகம் வேண்டும். என் மைத்துனர் குட்டையான தேகம் உடையவர். வெள்ளைக்காரர் கைக்கென்று வெட்டிய கட்டை அவருக்கு நீளும். இந்த ஒரு நியாயத்தில் கைவேலைப்பொருள் வென்றுவிடும் போலிருந்தது.

இவ்விரு பக்கங்களையும் வரவு செலவு போலக் கோடிட்டு எழுதி, முடிவு சொல்ல இயலாமல், திண்ணையில் அமர்ந்திருந்த அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டிருந்த அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: “அந்தத் துப்பாக்கியை யார் தூக்குவது?”

“மாப்பிள்ளைதான், அப்பா.”

“கூட ஆள் கிடையாதா?”

“கிடையாது.”

“அப்படியானால் அது வேறு துப்பாக்கி. உன் தாத்தா தூக்கியது வேறு” என்று சொல்லி, நான் அரைகுறையாய் அறிந்திருந்த ஒரு கதையை முழுதாகச் சொன்னார்.

யுத்தத்துக்கு முந்திய ஆண்டுகளில், பாட்டனார் பதினெட்டு வயதுப் பையன். தோட்டத்துத் துரை செலாடாங் என்னும் காட்டெருது வேட்டையில் பிரியமுள்ளவர். அவருடைய இரட்டைக்குழல் ரைபிள் அவருடைய தோளளவும் கையளவும் எடுத்து லண்டனில் செய்வித்தது. அதன் எடை 11 இராத்தல். விடியுமுன் லயத்திலிருந்து பாட்டனாரை அழைப்பார்கள். ஒரு தோளில் துப்பாக்கி, மறு தோளில் தோட்டாவும் உணவும் உள்ள பை. துரை கைத்தடியோடு முன்னே நடப்பார். மிருகம் தென்பட்டதும் கையைப் பின்னே நீட்டுவார். பாட்டனார் துப்பாக்கியை அக்கையில் வைக்க வேண்டும். வேட்டை முடிந்தபின் எண்ணெயிட்டுத் துடைப்பதும் அவர் பொறுப்பே. நான்கு ஆண்டுகள் அவ்வாறு சுமந்ததில் அவருடைய வலத்தோள் சற்றே தாழ்ந்துவிட்டது. சாகும்வரை சட்டை ஒருபுறம் இறங்கியே இருக்கும். அந்தத் துப்பாக்கியின் எடையை அவரைக் காட்டிலும் அறிந்தவர் இல்லை. ஆனால் ஒரு முறையேனும் அதைத் தம் தோளில் வைத்துச் சுட அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை.

ஒருவன் தோளுக்கு அளவெடுத்து, மற்றொருவன் தோளில் ஏற்றிய பொருள் அது! அக்காலத்துப் பெருவேட்டைக்காரர் பலரும் அவ்வாறே சென்றனர். அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றபோது, ஆங்கில நண்பர்கள் பரிசளித்த ஹாலண்டு இரட்டைக்குழல் ரைபிளும் இருந்தது. வின்செஸ்டர் தொழிற்சாலை ரைபிளும் இருந்தது. இரண்டையும் சுமந்து செல்ல ஆப்பிரிக்க ஆட்கள் இருந்தனர். எடையைக் குறைக்க வேண்டும் என்ற கவலை, வேட்டையாடுபவனே சுமக்க நேர்ந்தபோதுதான் வலுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அதன்பின் கணக்கு எனக்குத் தெளிவாயிற்று. நான் தராசில் வைத்தது இரும்பையும் நாரையும் மட்டுமே. மலையில் மைத்துனர் தாமே சுமக்கிறார், அது நியாயம். ஆனால் கைவேலை ரைபிளின் விலையை வீட்டில் சுமக்கப்போகிறவள் என் தங்கை. அவளுடைய படிப்பு இரண்டு மூன்று ஆண்டு தள்ளிப்போகும். பிறகு பிள்ளை, குடும்பம் என்று அது நின்றே போகும். கலியாணப் பந்தலுக்கும் கரகாட்டத்துக்கும் கடன்பட்டு, மனைவியின் காதுத்தோட்டை அடகுக்கடைக்கு அனுப்பும் நம்மவர் வழக்கத்திற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஆகவே இப்படி எழுதினேன்: “மாப்பிள்ளை, தொழிற்சாலை ரைபிளையே வாங்குங்கள். தொலைநோக்கியைப் பூட்டிய பிறகு நிறுத்துப் பாருங்கள். விளம்பரத்தில் சொல்வது வெறும் ரைபிளின் எடை. கட்டையைத் தங்கள் கைக்குத் தக்கபடி அறுத்துக் குறைக்கத் துப்பாக்கி பழுதுபார்ப்பவருக்குச் சிறு கூலி போதும். உதை கடுமையாயிராத தோட்டாவைத் தேர்ந்தெடுங்கள். மிச்சத்தில் ஒரு பகுதிக்குத் தோட்டா வாங்கிப் பழகுங்கள். பழகாத கைக்கு எந்த ரைபிளும் உதவாது. எஞ்சிய பணம் எதற்கென்று சேர்த்தீர்களோ அதற்கே ஆகட்டும்.” கீழே பாட்டனார் கதையையும் எழுதினேன். தோளில் ஊனம் உள்ளவருக்கு அளவெடுத்துச் செய்வதே தக்கது என்பதையும் மறைக்கவில்லை.

ஆறு வாரம் பதில் இல்லை. கோபித்துக்கொண்டார் என்றே எண்ணினேன். தங்கையும் எழுதவில்லை. பிறர் குடும்பத்துப் பணத்தில் தலையிட்டு விட்டோமோ என்று நான் வருந்தியது உண்மை.

பிறகு ஒரு படமும் நான்கு வரிக் கடிதமும் வந்தன. தொழிற்சாலை ரைபிள்தான், கட்டையில் ஓரங்குலம் குறைத்திருந்தார். முதற்பயணத்தில் ஒன்றும் கிடைக்கவில்லையாம். இரண்டாம் முறை ஒரு மான். முழங்கால் தொல்லை தரவில்லை. தோளில் மட்டும் உதை சற்றுக் கடுமை என்றிருந்தார். தங்கை வகுப்பில் சேர்ந்துவிட்டாள் என்பது கடைசி வரி.

படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“தூக்கிப் போனவரே சுட்டாரா?” என்று கேட்டார்.

“ஆம், அப்பா.”

“நல்லது” என்று சொல்லிப் படத்தைத் திருப்பித் தந்தார்.