பிள்ளையைத் தூக்கும் விதம்

எண்ணெய் போட்டுக் கைகால் உருவிவிடுவது எங்கள் ஆச்சிமாருக்குக் கைவந்த வேலை. பிள்ளைக்கும் அது சுகம்தான். ஆனால் மூளைவாதம் உள்ள பிள்ளையின் இறுகிய தசையை எண்ணெய் மட்டும் நீட்டிவிடாது. இதை எனக்கு விளங்கப்படுத்தியவர் 2009இல் செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்துபோன ஒரு பிசியோதெரபிஸ்ட் தங்கச்சி.

எனது மகள் 2008 டிசம்பரில், நாங்கள் இடம்பெயர்ந்து தருமபுரத்தில் இருந்த நேரம், எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். பிறந்தவுடன் அழவில்லை. நான்கு மாதமளவில் தலை நிற்கவேண்டும். அந்த மாதங்கள் பங்கருக்குள்ளேயே போயின. முகாமுக்கு வந்து சேர்ந்தபோதும் தலை நிற்கவில்லை. கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் போலப் பின்னிக் கிடந்தன. "இது தேறாது" என்று ஓரிடத்தில் சொல்லியும் விட்டார்கள்.

அந்தத் தங்கச்சி முதலில் கேட்டது இதுதான். "அக்கா, ஒரு நாளைக்குப் பிள்ளையை எத்தினை தரம் தூக்குவீங்கள்?"

"இருவது முப்பது தரம் வரும்."

"அப்ப அது இருவது முப்பது பயிற்சி. காலை அகட்டி இடுப்பிலை இருத்தித் தூக்குங்கோ."

மூளையில் ஏற்பட்ட பாதிப்பு நாளுக்கு நாள் கூடுவதில்லை. ஆனால் பிள்ளை வளர எலும்பு நீளும். இறுகிய தசை அதே வேகத்தில் நீளாது. அதனால் குதிக்கால் மேலெழும்பும், முழங்கால் மடங்கும், இடுப்பு மூட்டுக்கூட மெல்ல விலகும். மாதம் ஒருமுறை கிளினிக்கில் கிடைக்கும் அரை மணித்தியாலம் இதற்குக் காணாது. மிச்ச நேரமெல்லாம் பிள்ளை எங்கள் கையில்தானே இருக்கிறது.

உடுப்பு மாற்றும்போது காலை மெதுவாக நீட்டி, கொஞ்ச நேரம் அப்படியே பிடிக்கவேண்டும். வெடுக்கென்று இழுத்தால் தசை இன்னும் இறுகும். சாப்பாடு தீத்தும்போது நிமிர்த்தி இருத்தி, நாடி சற்றுக் கீழே இருக்கவேண்டும். தலையை அண்ணாத்தித் தீத்தினால் புரைக்கேறும். 2010இல் ஊர் திரும்பிய பிறகு பனங்குற்றி ஒன்றுக்குச் சாக்குச் சுற்றி, அதன்மேல் கால் அகட்டி இருத்தினேன். முற்றத்தில் காட்டுத்தடி இரண்டைக் குறுக்கே கட்டி, பிடித்து நிற்கப் பழக்கினேன். காசு கொடுத்து வாங்கியது ஒன்றுமில்லை. மெக்சிக்கோவில் அஜோயா என்ற மலைக்கிராமத்தில் இப்படித்தான் தடியாலும் மண்ணாலும் செய்து பழகியிருக்கிறார்கள். டேவிட் வேர்னர் 1987இல் அதைப் படம்போட்டுப் புத்தகமாக்கினார்.

கைப்பிள்ளை உள்ள அம்மாமாரே, பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டை நிறை பார்க்க மட்டும் விரிக்காதீர்கள். ஒன்பது மாதத்தில் தனியே இருக்கவில்லையா? ஒரு வயதுக்கு முன்னமே ஒரு கையை மட்டும் பாவிக்கிறதா? பதினெட்டு மாதத்திலும் நடக்கவில்லையா? குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே கேளுங்கள். "மெல்ல நடக்கும், தகப்பனும் அப்பிடித்தான்" என்பார்கள் வீட்டில். சிலவேளை அது சரியாகவும் இருக்கும். கேட்டால் என்ன குறைந்துவிடும்?

2020இல் கொரோனாவால் பஸ்ஸும் இல்லை, கிளினிக்கும் இல்லை. அந்த வருடம்தான் மகள் கிடுகிடுவென்று வளர்ந்தாள். முழங்கால் மடங்கத் தொடங்கியது. காலையும் மாலையும் குப்புறப் படுக்கவைத்து, சுவரோடு நிற்கவைத்து, அவள் அழ, நான் ஏச, அப்படியே போனது. பாதை திறந்ததும் முதல் வேலையாக இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். மூட்டு இடத்தில்தான் இருந்தது.

இன்றைக்கு வோக்கர் பிடித்துக் கிணற்றடி வரை தானே போகிறாள். வாளி தூக்கத்தான் நான் வேண்டும். என் முதுகைப் பற்றி அவளே சொல்லுவாள்: "அம்மா, முழங்காலை மடிச்சுத் தூக்குங்கோ, குனியாதைங்கோ."