ஜெர்மன் தேவையில்லை என்று சொன்னவன்

ஜெர்மனிக்கு மேற்படிப்புக்கு வரப்போகிற பிள்ளைகள் சீனியர்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, ஜெர்மன் கத்துக்கணுமா?" கெம்னிட்ஸில் படித்த காலத்திலும் அதற்குப் பிறகும் எனக்கு இந்தக் கேள்வி வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருந்தது. "தேவையே இல்லடா. கோர்ஸ் இங்கிலீஷ், புரொபசர் இங்கிலீஷ், சுத்தி நம்ம பசங்க. ஏ1 சர்டிபிகேட் இருந்தா போதும்" என்று எல்லோருக்கும் ஒரே பதிலை அனுப்பினேன். அனுப்பும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். அதை நம்பி வந்தவர்களுக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பிறகு வந்த ஜூனியர் ஒருவனுக்கு நான் செய்தது பொய்யை விட மோசமானது.

கெம்னிட்ஸ் பழைய கிழக்கு ஜெர்மனியில், சாக்சனி மாநிலத்தில் இருக்கிறது. 1953 முதல் 1990 வரை அந்த ஊருக்கு கார்ல் மார்க்ஸ் நகரம் என்று பெயர். மார்க்ஸின் பிரம்மாண்டமான தலைச் சிலை இன்றும் நடுவூரில் நிற்கிறது. அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலவழி மாஸ்டர்ஸ் படிப்புகளுக்கு இந்திய மாணவர்கள் நிறையவே வருகிறார்கள். ஆனால் ஊர் ஆங்கிலத்தில் ஓடுவதில்லை. கிழக்கு ஜெர்மனிப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பிலிருந்து கட்டாயமாக இருந்தது ரஷ்ய மொழி. அதைப் படித்து வளர்ந்தவர்கள்தான் இன்று அங்கே ரொட்டிக் கடையிலும் டிராமிலும் மருத்துவமனை வரவேற்பிலும் நாம் சந்திக்கிற ஐம்பது அறுபது வயதுக்காரர்கள். பெர்லினில் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ஒப்பேற்றிவிடலாம். கெம்னிட்ஸில் வகுப்பறைக் கதவைத் தாண்டினால் ஜெர்மன்தான்.

நான் போய் இறங்கியது 2018 அக்டோபரில். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், ஆகஸ்ட் கடைசியில், ஒருவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து வலதுசாரிக் கூட்டங்கள் தெருவில் இறங்கி, வெளிநாட்டவர்போலத் தெரிந்தவர்களைத் தாக்கியிருந்தன. அதை எதிர்த்து செப்டம்பர் 3ஆம் தேதி நடந்த இசை நிகழ்ச்சிக்கு அறுபதாயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள் என்பதை யாரும் எங்களிடம் அவ்வளவாகச் சொல்லவில்லை. "ராத்திரி தனியா வெளிய போகாதீங்க, நம்ம ஆளுங்களோடயே இருங்க" என்றுதான் சீனியர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பயம் உண்மையானது. நேரில் வசை வாங்கியவர்கள் எங்களில் இருந்தார்கள். நான் வாங்கியதில்லை. வாங்காத நான் அந்தப் பயத்தைக் கடன் வாங்கி, ஜெர்மன்காரர்களோடு ஏன் பழகவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் காரணமாகக் காட்டினேன். நேரமில்லை என்றும் சொன்னேன். அதுவும் உண்மையில்லை. சனி, ஞாயிறு முழுக்கப் படமும் கிரிக்கெட்டும் பார்த்த ஆள் நான்.

உண்மைக் காரணம் வெட்கம். நான் கோயம்புத்தூரில் நல்ல ஆங்கிலப் பள்ளியில் படித்தவன். பேச்சுப் போட்டி, விவாத மேடை என்று வளர்ந்தவன். ஆங்கிலம் பேசுவதால் வந்த மரியாதையில்தான் பள்ளி, கல்லூரி, முதல் வேலை எல்லாம் நகர்ந்தன. வகுப்பில் தமிழ்வழிப் பையன்கள் ஆங்கிலத்தில் தடுமாறும்போது நான் எந்தப் பக்கம் உட்கார்ந்து சிரித்தேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்படிப்பட்டவன் இருபத்தைந்து வயதில் ரொட்டிக் கடையில் நின்று, ரொட்டியின் பெயருக்கு முன்னால் போட வேண்டியது டெர்ரா டியா தாஸா என்று தெரியாமல், பின்னால் வரிசையில் ஆட்கள் காத்திருக்க, குழந்தையைப்போலத் திக்க வேண்டும். என்னால் அது முடியவில்லை. சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் எழுதிய ஏ1 என்ற அடிப்படை நிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தேன். தாளில் எழுதுவதில் எனக்குச் சிக்கலே இல்லை. ஆள் முன்னால் தப்பாகப் பேசுவதுதான் முடியவில்லை.

ஆரம்பத்தில் எனக்குக் கிடைத்தது ஒரு வேகே. அதாவது சமையலறையும் குளியலறையும் பொது, படுக்கையறை மட்டும் தனி. கூட இருந்த மூவரும் ஜெர்மன்காரர்கள். இதைவிட நல்ல மொழி வகுப்பு காசு கொடுத்தாலும் கிடைக்காது. முதல் வாரங்களில் எனக்காக ஆங்கிலத்தில் பேசினார்கள். பிறகு அவர்களுக்குள் பேசும்போது இயல்பாக ஜெர்மனுக்குப் போய்விடுவார்கள். நான் புரிந்ததுபோல் தலையாட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை இரவு 8.15க்கு 'டாட்டோர்ட்' என்றொரு துப்பறியும் தொடர் வரும். 1970இலிருந்து ஓடுகிறது, பல வீடுகளில் அதைக் கூட்டமாக உட்கார்ந்து பார்ப்பது வழக்கம். எங்கள் வீட்டிலும் ஞாயிறுதோறும் நாலைந்து பேர் சோபாவில் நெருக்கியடித்து உட்கார்வார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். ஒருத்தி, "புரியாத இடத்தில் நிறுத்தி நான் சொல்கிறேன்" என்றுகூடச் சொன்னாள். எனக்காக ஒரு கூட்டமே படத்தை நிறுத்துவதா என்று கூசி, அசைன்மென்ட் இருக்கிறது என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சில வாரங்களில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். 'இவங்க இப்படித்தான், ஒட்டவே மாட்டாங்க' என்று நான் ஊரில் உள்ள நண்பர்களிடம் சொன்னேன். அடுத்த பருவத்திலேயே தமிழ்ப் பையன்கள் இருந்த வீட்டுக்கு மாறிவிட்டேன்.

அந்த வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தேர்வு சமயம். மேல் மாடியில் இரவு வெகுநேரம் பாட்டும் கூத்துமாகச் சத்தம். பத்து மணிக்கு மேல் அமைதி காக்க வேண்டும் என்ற விதி மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். ஏறிப்போய்க் கதவைத் தட்டி, திறந்த பெண்ணிடம் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினேன். அவள் மன்னிப்புக் கேட்டு ஒலியைக் குறைத்துவிட்டு, என்னைப் படிக்கட்டு வரை கூட்டி வந்து, சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். ஒரு வாரமாக அந்தத் தாளைக் கடந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். வீட்டு நிர்வாகத்தின் அறிவிப்பு என்று நினைத்திருந்தேன். அவள் விரல் வைத்து ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னாள். சனிக்கிழமை பிறந்தநாள் கொண்டாடுகிறோம், கொஞ்சம் சத்தமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், அண்டை வீட்டார் எல்லோரும் வாருங்கள், ஒரு கிளாஸ் உங்களுக்கும் இருக்கிறது. அடியில் பேனாவால் வரைந்த கேக் படம். பிறகு உள்ளே வரச் சொன்னாள். நான் போகவில்லை. அந்தத் தாளைத் தெரிந்த ஜெர்மனை வைத்தே எழுத்துக்கூட்டிப் படித்திருக்கலாம். ஒரு வாரத்தில் ஒருமுறைகூட நின்று பார்க்கவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் எனக்கு நானே செய்துகொண்டது.

2019 அக்டோபரில் தேனிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். பெயர் வேண்டாம். பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி, தமிழ்வழி. அவனுக்கு அறை பிடித்துக் கொடுத்து, வங்கிக் கணக்கு திறக்கவும் நகராட்சியில் முகவரி பதியவும் கூடப் போனது நான். அதனால் அவனுக்கு என்மேல் பெரிய மரியாதை, எதற்கும் 'அண்ணே'தான். வந்த வாரத்திலிருந்தே அவன் ஜெர்மன் பேசினான். அரைகுறையாக, தப்பும் தவறுமாக, சத்தமாக. மாணவர்கள் நடத்தும் மொழிக் கஃபேக்குப் போனான். பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் வாலிபால் குழுவில் சேர்ந்தான். அவர்கள் ஆட்டம் முடிந்து பீர் குடிக்கப் போனால், இவன் ஆப்பிள் ஜூஸோடு கூட உட்கார்ந்து பேசினான். எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களை, வானொலி தொலைக்காட்சிக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, வெளிநாட்டவர் அலுவலகம் எல்லாவற்றையும், கைபேசியில் அகராதியை வைத்துக்கொண்டு படித்துச் சொன்னதும் அவன்தான்.

எப்படி இவ்வளவு கூச்சமில்லாமல் பேசுகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "இன்ஜினியரிங் மொத வருசம் கிளாஸ்ல எல்லாரும் சிரிப்பாங்கண்ணே. இங்கிலீஷ் அப்படித்தான் வந்துச்சு. இதுவும் அப்படித்தான வரும்" என்றான். அவமானத்தை ஒரு முறை முழுசாக அனுபவித்துக் கடந்தவனுக்கு இரண்டாவது மொழி அவ்வளவு பயமாக இல்லை. நான் கடக்கவே இல்லை. எனக்கு ஆங்கிலம் கஷ்டப்படாமல் வந்தது. அதனால் மொழி கற்பது எப்படி என்றே எனக்குத் தெரியாது.

அவன் சொன்னது எனக்கு அப்போதே புரிந்தது. புரிந்த பிறகும் இதைச் செய்தேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. எங்கள் வீட்டில் பிரியாணி. பத்துப் பன்னிரண்டு பேர். அன்று காலை அவனும் நானும் ரொட்டிக் கடைக்குப் போயிருந்தோம். அவன் கேட்டதில் இருந்த பிழையைக் கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டே திருத்த, இவன் அதை அப்படியே திரும்பச் சொல்லிப் பார்த்தான், இரண்டு மூன்று தடவை, பாடம் ஒப்பிப்பதுபோல. அந்த அம்மாவுக்குச் சந்தோஷம். ஒரு ரொட்டியைச் சேர்த்துப் போட்டார். சாப்பிடும்போது நான் அதை நடித்துக் காட்டினேன். அவனுடைய தேனி இழுவையில், அவன் நின்ற மாதிரியே நின்று, அந்த வாக்கியத்தை மூன்று தடவை சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டார்கள். நானும் செய்தேன். அதற்குப் பிறகு வந்த வாரங்களிலும் அவன் உள்ளே நுழைந்தாலே யாராவது அந்த வாக்கியத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அவனும் சிரித்தான். அவன் சிரித்ததால் அது வேடிக்கைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடையில் அவனுக்குக் கிடைத்த அந்தச் சிரிப்பும் அன்பும் எனக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. கெம்னிட்ஸில் எனக்குத் தெரிந்தவர்களை விட அவனுக்குத் தெரிந்தவர்கள் சில மாதங்களிலேயே அதிகமாகிவிட்டார்கள். ஊருக்குப் புதிதாக வந்தவன், என்னை அண்ணன் என்று கூப்பிடுகிறவன், ஆங்கிலத்தில் என்னை விடத் தாழ்ந்தவன் என்று நான் வைத்திருந்தவன். அவனைக் கீழே இறக்க வேண்டியிருந்தது, இறக்கினேன். பொறாமை என்பதற்கு வேறு மரியாதையான பெயர் எதுவும் எனக்கு வேண்டாம்.

பிப்ரவரியில் அவன் மொழிக் கஃபேக்குப் போவதை நிறுத்திவிட்டான். வாலிபாலும் நின்றது. மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து, போக நினைத்தாலும் போக முடியாதபடி எல்லாம் மூடிவிட்டது. நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் தமிழில் பேசிக்கொண்டு, ஆங்கிலத்தில் தீசிஸ் எழுதிக்கொண்டு கிடந்தோம்.

2021இல் அவனுக்கு வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றில் இன்டர்ன்ஷிப் நேர்காணல் வந்தது. தொழில்நுட்பப் பகுதி ஆங்கிலத்தில், முதல் பத்து நிமிடம் ஜெர்மனில் அறிமுகப் பேச்சு. சாக்சனியில் அந்த மாதிரி நிறுவனங்களில் தொழிற்கூடத்தில் ஜெர்மன் இல்லாமல் வேலை நடக்காது. ஏ1ஐ விட வெகு மேலான பி2 நிலை கேட்பார்கள், கொஞ்சம் குறைந்தாலும் பேசத் தயங்காத ஆளாகப் பார்ப்பார்கள். 2019 டிசம்பரில் அவன் அப்படிப்பட்ட ஆள். நேர்காணலில் அவனுக்கு வாய் திறக்கவில்லை. அன்று இரவு சமையலறையில் என்னிடம் சொன்னான்: "தெரியாமலாம் இல்லண்ணே. பேச ஆரம்பிச்சா நீங்க பேசிக் காட்டுனது ஞாபகம் வந்துருது."

கோபமாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னான். நான் "விடுடா, அடுத்தது கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

எனக்கு அதன் பிறகு பெர்லினில் ஆங்கிலம் மட்டுமே புழங்கும் மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. ஆகவே என் வாழ்க்கையில் எதுவும் கெடவில்லை. நான் சொன்ன பொய்யால் நஷ்டப்பட்டவர்கள் எல்லாம் மற்றவர்கள். படிப்பு முடிந்தபின் வேலை தேட ஜெர்மனி கொடுப்பது பதினெட்டு மாதம். இயந்திரவியலும் வாகனப் பொறியியலும் படித்துவிட்டு அந்தப் பதினெட்டு மாதத்தில் அவசர அவசரமாக ஜெர்மன் படிக்க உட்கார்ந்தவர்களில், என்னிடம் யோசனை கேட்டவர்களும் உண்டு. இப்போது இன்னும் பெரிய கூட்டம் வருகிறது. 2023-24 குளிர்காலப் பருவத்தில் மட்டும் ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் 49,483 பேர். வேறெந்த நாட்டிலிருந்தும் இத்தனை பேர் இல்லை. தமிழ் மாணவர்களுக்கு முன்னால் இப்போது ஒரு முழுத் தமிழ் ஊரே தயாராக இருக்கிறது, மளிகைக்கடை முதல் பொங்கல் விழா வரை. அதைக் குறை சொல்ல மாட்டேன். முதல் குளிர்காலத்தில் அது இல்லாவிட்டால் பலர் உடைந்துபோவார்கள். அதற்குள் உட்கார்ந்து, வெளியே போகிறவனின் காலை வாருகிற சீனியர்தான் ஆபத்து. நான் அந்த சீனியராக இருந்தேன்.

இப்போது மாலையில் வயதுவந்தோர் கல்வி நிலையத்தில் பி1 வகுப்புக்குப் போகிறேன். திருந்தியதால் போகிறேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். 2024 ஜூனில் வந்த புதிய சட்டப்படி ஐந்து ஆண்டுகளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்; அதற்கு பி1 வேண்டும். அதற்காகத்தான் சேர்ந்தேன். பக்கத்தில் சிரியாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியை கேள்வி கேட்கும்போது இன்றும் என் காது சூடாகிறது. தப்பாகச் சொல்கிறேன், திருத்துகிறார், திரும்பச் சொல்கிறேன்.

அவன் பிறகு தானாகவே மீண்டும் படித்து பி2 முடித்து, லைப்ஸிக்கில் வேலையில் இருக்கிறான். அதில் என் பங்கு எதுவும் இல்லை. போன வருடம் தொலைபேசியில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்குண்ணே இப்ப" என்று பேச்சை மாற்றிவிட்டான். மன்னித்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்கு உரிமையில்லை. ஆனால் நான் அவனைக் கேலி செய்தது தொலைபேசியில் தனியாக நடக்கவில்லை, ஒரு வீடு நிறைந்த ஆட்களுக்கு முன்னால் நடந்தது. அன்று அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்காவது இது கண்ணில் படும். தம்பிகளே, அன்று அவன் பேசியது சரி. அவனைப்போல நாம் எல்லோரும் பேசியிருக்க வேண்டும். நான் நடித்துக் காட்டியது பொறாமையில். உங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பையனிடமோ பெண்ணிடமோ ஜெர்மன் தேவையில்லை என்று என் பெயரைச் சொல்லி யாராவது சொல்லியிருந்தால், அது பொய் என்று நானே சொன்னதாகச் சொல்லுங்கள்.