தோள் பாத்து சட்டை எடுங்க

சம்பா அறுப்பு முடிஞ்சு, நெல்லுப் பணம் கணக்குல ஏறின வாரம் அது. பையன் வந்து நின்னான். "அப்பா, இன்னும் பன்னண்டு நாள்ல காலேஜுக்கு கம்பெனிக்காரங்க வராங்க. இன்டர்வியூவுக்கு ஃபார்மல்ஸ்லதான் வரணுமாம்."

எங்க வீட்டு பீரோவுல அந்த மாதிரி எதுவும் கிடையாது. அவன்கிட்ட இருக்கறது டி-ஷர்ட்டும் ஜீன்ஸும். என்கிட்ட இருக்கறது கல்யாணம் காட்சிக்குப் போட்டுக்கற நாலு வெள்ளைச் சட்டை. அதுல ஒண்ணை மாட்டிப் பாத்தான். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல.

முதல்ல போன்ல பாத்து ஒரு சட்டை வரவழைச்சான். விலை 1,900 ரூபாய். அந்த 2024-25 சீசன்ல சன்ன ரக நெல்லுக்கு கொள்முதல் நிலையத்துல குவிண்டாலுக்கு 2,450 ரூபாய் இருந்துச்சு. 40 கிலோ மூட்டை ஒண்ணு 980 ரூபாய். அப்போ ஒரு சட்டை ரெண்டு மூட்டை நெல்லு. வந்ததைப் போட்டுப் பாத்தா மார்புல சரியா இருந்துச்சு, தோள் மட்டும் கீழ வழிஞ்சுது. திருப்பி அனுப்பிட்டோம்.

அப்புறம்தான் ராயபுரம் கிளம்பினோம். பொன்னேரி பக்கத்து ஆளுங்களுக்கு துணிமணின்னா தி.நகரைவிட எம்.சி. ரோடுதான் கிட்டம். கும்மிடிப்பூண்டில இருந்து பீச் போற ரயில்ல ஏறினா நேரா ராயபுரத்துல இறங்கிக்கலாம். 1856-ல தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் கிளம்பின ஸ்டேஷன் அது. நீங்க சிட்டில இருந்து வரதா இருந்தா மெட்ரோ இருக்கு, தியாகராயா கல்லூரி ஸ்டேஷன்ல இறங்கி நடக்கலாம். துணிக்கும் இந்தப் பக்கத்துக்கும் பழைய உறவு. கம்பெனிக்காரன் கப்பல்ல ஏத்தின துணியை வெளுத்துக் குடுத்தவங்க குடியிருந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை.

ரெடிமேட் கடைல பையனுக்கு 38, 40, 42 மூணையும் போட்டுப் பாத்தாங்க. அவன் ஒல்லி, கை மட்டும் நீளம். 38-ல காலர் பொருந்துச்சு, கை மணிக்கட்டுக்கு மேலயே நின்னுபோச்சு. 42-ல கை சரி, உடம்பு சாக்குப்பை மாதிரி தொங்குச்சு. பையன் கண்ணாடியைப் பாத்துட்டு, "என் உடம்புதாம்ப்பா சரியில்ல"ன்னான். எனக்கு சுருக்குன்னுச்சு. ஏன்னா முப்பது வருஷமா நானும் அதையேதான் நினைச்சுக்கிட்டு இருக்கேன். எந்தச் சட்டை போட்டாலும் எனக்கு ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்கும்.

கடைப் பையன் நல்லவன். "தைச்சுக்குங்கண்ணா, இந்தத் தம்பிக்கு ரெடிமேட் ஒத்து வராது"ன்னு சந்துக்குள்ள இருக்கற ஒரு டெய்லர் கடையைக் கைகாட்டினான்.

முதல்ல துணி எடுத்தோம். 36 பன்னா துணின்னா முழுக்கைச் சட்டைக்கு ரெண்டேகால் மீட்டர், 58 பன்னான்னா ஒண்ணரை, ஒண்ணே முக்கால் போதும். பேண்ட்டுக்கு 58 பன்னால ஒண்ணேகால் மீட்டர். உயரமான ஆளா இருந்தா கொஞ்சம் கூட எடுக்கணும்.

டெய்லர் பாய்க்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். கழுத்துல டேப், காதுல பென்சில். பையனை அளவெடுத்துட்டு, "அண்ணே, நீங்களும் நில்லுங்க"ன்னார். எனக்கு எதுக்குன்னேன். "நில்லுங்கண்ணே, அளவு எடுக்க காசு இல்ல"ன்னு சிரிச்சார்.

என் முதுகுப் பக்கம் போய் ரெண்டு தோளையும் கையால அமுக்கிப் பாத்தார். "வலது தோள் அரை இஞ்ச் இறங்கியிருக்குண்ணே. மூட்டை தூக்குவீங்களா?"

"விவசாயம் பாய். நெல்லு, உரம் எல்லாம் அந்தத் தோள்லதான்."

"அதான். ஹார்பர்ல மூட்டை தூக்கினவங்க எத்தனையோ பேருக்குத் தைச்சிருக்கேன். எல்லாருக்கும் இதே தோளு. உடம்புல கோளாறு ஒண்ணும் இல்ல. ரெடிமேட்காரன் ரெண்டு தோளையும் ஒண்ணா வெட்டுறான், அவன் மேல என்ன தப்பு? உங்களைப் பாத்தா வெட்டுறான்?"

அப்புறம் பையனைக் காட்டி, "தம்பிக்கு ரெண்டும் சமமா இருக்கு"ன்னார். அவர் சாதாரணமாத்தான் சொன்னார். எனக்கு அதைக் கேட்டு ஏதோ மாதிரி ஆயிடுச்சு. அவன் மேல மூட்டை ஏத்தாம படிக்க வெச்சதுக்கு யாரோ ரசீது குடுத்த மாதிரி இருந்துச்சு.

பாய் சொன்னதுல எனக்கு மனசுல நின்னதை உங்களுக்கும் சொல்றேன். ரெடிமேட் எடுத்தாலும் முதல்ல தோளைப் பாருங்க. தோள் எலும்பு முடியற இடத்துல தையல் உக்காரணும். உடம்பு லூஸா இருந்தா பக்கத்துல பிடிச்சுக்கலாம், கை நீளமா இருந்தா குறைக்கலாம். தோளைப் பிரிச்சு சரி பண்றது பெரிய வேலை. மேல் பட்டனைப் போட்டா காலருக்குள்ள ரெண்டு விரல் போகணும். பேண்ட்டை நின்னு பாத்து எடுக்காதீங்க, உக்காந்து பாருங்க, சீட்டும் தொடையும் அப்பத்தான் உண்மையைச் சொல்லும். தைக்கக் குடுத்தா இடுப்புல ரெண்டு இஞ்சாவது உள்துணி விடச் சொல்லுங்க, நாளைக்கு உடம்பு போட்டாலும் பிரிச்சுக்கலாம். காட்டன் துணியை ஒரு தடவை நனைச்சுக் காய வெச்சுட்டுக் குடுங்க, இல்லாட்டி முதல் சலவைலயே சுருங்கிடும். தீபாவளி, பொங்கல் நெருங்கற நேரத்துல டெய்லர்கிட்ட போகவே போகாதீங்க!

எட்டாம் நாள் போய் பையனுக்கு வாங்கிட்டு வந்தோம். துணி, தையல்கூலி எல்லாம் சேர்த்து சட்டையும் பேண்ட்டும் அந்த ஒத்தைச் சட்டை விலைக்கு மேல கொஞ்சம்தான் ஆச்சு.

வேலை கிடைச்சுதான்னு கேப்பீங்க. முதல் கம்பெனில கிடைக்கல. ரெண்டாவதுல எழுத்துத் தேர்வு தாண்டியிருக்கான், அடுத்த ரவுண்டுக்கு காத்துக்கிட்டு இருக்கோம். சட்டை வேலை வாங்கித் தராதுன்னு எனக்கும் தெரியும். ஆனா அன்னிக்கு சாயங்காலம் வந்தவன், "கேள்விக்குத்தான் தடுமாறினேன்ப்பா. சட்டை போட்டிருக்கற ஞாபகமே இல்ல"ன்னான். எனக்கு அது போதும்.

பாயோட நோட்டுல இப்ப என் அளவும் இருக்கு. வலது தோளுக்கு நேரா அரை இஞ்ச்னு தனியா எழுதி வெச்சிருக்கார். போன வாரம் வெள்ளைத் துணி ரெண்டேகால் மீட்டர் குடுத்துட்டு வந்திருக்கேன். அடுத்த முகூர்த்தத்துக்கு எனக்குன்னு வெட்டின சட்டையில போகப் போறேன்.