எட்டாம் நம்பர் ஜெர்சி

திருப்பூர் காதர்பேட்டையில் பனியனுக்குப் பருவம் கிடையாது, ஜெர்சிக்கு உண்டு. உலகக் கோப்பை வருகிறதென்றால் கேரளத்து வியாபாரிகள் ரயிலை விட்டு இறங்கி நடந்தே வந்துவிடுவார்கள். ஸ்டேஷனுக்கு அவ்வளவு பக்கம். அர்ஜென்டினாவும் பிரேசிலும் மூட்டை மூட்டையாகக் கட்டப்படும். பிரான்ஸ் அதற்கடுத்துத்தான். முதுகில் எம்பாப்பே என்று இருந்தால் பேரம்கூட அதிகம் நடக்காது. கொஞ்சம் வயசானவர்கள் ஜிடேன் கேட்பார்கள்.

ஜிடேன் தலைமையேற்ற அந்த 2006 அணியில் எட்டாம் நம்பர் யாருடையது என்று, பழக்கமான கடைக்காரர் ஒருவரிடம் கேட்டேன். கால்பந்து விவரம் தெரிந்தவர். "எட்டா? கோல் போட்டவனுங்களா?" என்றார். விகாஸ் தோராசு என்றேன். "விகாஸா? நம்மாளு பேரு மாதிரியில்லீங்ணா இருக்குது!"

ஒருவகையில் நம்மாள்தான். முன்னோர் ஆந்திரப் பக்கமிருந்து மொரீஷியஸுக்குப் போனவர்கள். பெற்றோர் அங்கிருந்து பிரான்ஸுக்கு. விகாஸ் பிறந்தது 1973 அக்டோபரில், லெ ஆவ்ர் துறைமுகத்தை ஒட்டிய ஆர்ஃப்ளர் என்ற ஊரில். உள்ளூர் அணியான லெ ஆவ்ரில் ஆடத் தொடங்கி, 1998இல் லியோன் போனார். நடுவில் ஒரு பருவம் போர்தோவுக்கு இரவலாக ஆடிவிட்டுத் திரும்பி, 2003, 2004 என்று அடுத்தடுத்து லியோன் லீக் பட்டம் வென்றபோது அணியில் இருந்தார். 1999இல் தேசிய அணிக்குள் வந்தவர், மொத்தம் 18 ஆட்டம் ஆடி ஒரே ஒரு கோல் போட்டார், 2005இல் சைப்ரஸுக்கு எதிராக.

நடுக்கள ஆட்டக்காரரை இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். பனியன் கம்பெனியில் கைமடி என்று ஓர் ஆள் இருப்பார். தைக்கிறவர் கைக்குத் துணியை எடுத்துக் கொடுப்பார், தைத்து வந்ததை மடித்து அடுத்த ஆளுக்குத் தள்ளுவார். கூலிப் பேச்சுவார்த்தையில் அந்த வேலைக்குத் தனி வரியே உண்டு. ஆனால் பீஸ் கணக்கு டெய்லர் பேரில்தான் ஏறும். விகாஸ் அப்படிப்பட்டவர். சின்ன உடம்பு, காலை விட்டு விலகாத பந்து, நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒரு குட்டிப் பாஸ். ஒரு ஆட்டத்தின் நல்ல நிமிடங்களைத் தொகுத்துப் போட்டால் அதில் அவர் தெரியவே மாட்டார்.

2004இல் ஏசி மிலான் கூப்பிட்டது. பிர்லோ, காக்கா, சீடோர்ஃப் இருந்த இடம். அடுத்த மே மாதம் இஸ்தான்புல்லில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். பாதி ஆட்டத்தில் மூன்று கோல் முன்னிலையில் இருந்த மிலான், லிவர்பூலிடம் பெனால்டியில் தோற்ற அந்தப் பிரசித்தி பெற்ற ராத்திரி. மிலான் மூன்று பேரை மாற்றி இறக்கியது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த விகாஸ் அந்த மூவரில் இல்லை.

பிறகு பாரிஸ் அணி. 2006 ஏப்ரலில் பிரெஞ்சுக் கோப்பை இறுதியில் பரம எதிரி மார்செய்க்கு எதிராகத் தூரத்திலிருந்து அடித்து ஒரு கோல் போட்டார். பாரிஸ் 2–1 என்று ஜெயித்தது. அந்த ஒரு கோலுக்காவது ஜெர்சி அச்சடித்திருக்கலாம் என்பது என் கட்சி.

சில வாரங்களில் ஜெர்மனியில் உலகக் கோப்பை. அதற்குக் கிளம்புமுன் ஃப்ரெட் புலே என்ற இயக்குநர் அவர் கையில் ஒரு சூப்பர் 8 கேமராவைக் கொடுத்திருந்தார். முதல் சுற்றில் இரண்டு முறை, ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் இறக்கினார்கள். அதன் பிறகு பிரான்ஸ் இறுதி ஆட்டம் வரைக்கும் போயிற்று, விகாஸ் பெஞ்சை விட்டு எழவில்லை. ஓட்டல் அறையில் உட்கார்ந்து தன்னையும் ஜன்னலையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார். 'சப்ஸ்டிட்யூட்' என்ற பெயரில் 2007இல் அது வெளியானது.

இதைச் சொன்னதும் கடைக்காரருக்கு எரிச்சல். "ஒக்காந்திருக்கறதுக்கும் சம்பளம் வாங்கிப்போட்டு, அதையே படமும் புடிச்சானாக்கும்! இங்க ஆர்டர் இல்லீன்னா டெய்லருக்கு அஞ்சு பைசா ஆகாதுங்ணா."

அவர் சொல்வதை என்னால் தள்ள முடியவில்லை. லட்சக்கணக்கான இளைஞர்கள் அந்தப் பெஞ்சின் ஓரத்தில் இடம் கிடைத்தாலே கோயிலுக்கு முடி காணிக்கை கொடுப்பார்கள். அணித் தோழர்கள் கோப்பைக்காக ஓடிக்கொண்டிருக்கும்போது தன் துக்கத்தைப் படமாக்குவது எனக்கும் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனாலும் அந்த உலகக் கோப்பையில் ஜிடேன் எதிரணிக்காரரைத் தலையால் முட்டியதைப் பற்றி எழுதாத பேனா இல்லை. 23 பேரைக் கூட்டிப்போய்ப் பாதிப்பேரை உட்கார வைக்கிற தொழில் இது என்பதை உள்ளிருந்து காட்டியவர் விகாஸ்தான். அதற்குத் துணிச்சல் வேண்டும், விலையும் உண்டு.

உலகக் கோப்பை நடந்த அந்த ஆண்டு அக்டோபரிலேயே, பயிற்சியாளரோடு மோதலாகி, பாரிஸ் அணி அவரை வேலையை விட்டு நீக்கியது. இத்தாலியின் லிவோர்னோ ஒப்பந்தம் போட்டது. லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் அதுவும் முறிந்தது. 2008 தொடக்கத்தில் ஓய்வு. அவர் காலத்து ஆட்டக்காரர்கள் சிலர், அவர் முன்னோர் விட்டுப்போன இந்தியாவுக்கே பின்னாளில் ஆட வந்தார்கள். அதே 1973 அக்டோபரில் பிறந்த இன்னொரு பிரெஞ்சு நடுக்கள ஆட்டக்காரர் ராபர்ட் பிரெஸ், 2014இல் கோவா அணிக்கு ஆட இந்தியா வந்தார். அதே வருஷம் சென்னை அணிக்கு ஆடிய மிக்கேல் சில்வெஸ்தர், 2006இல் விகாஸோடு அந்த 23 பேரில் இருந்தவர்.

விகாஸ் அரசியலுக்குப் போனார். 2020 பாரிஸ் மாநகராட்சித் தேர்தலில் இடதுசாரிகள் பக்கம் நின்று தோற்றார்.

"இந்தப் பேரை அடிச்சா எத்தனை பீஸ் ஓடும்னு நினைக்கறீங்க?" என்றார் கடைக்காரர். ஒன்று நான் வாங்குவேன் என்றேன். ஒரு பீஸுக்கெல்லாம் பிரிண்டிங் போட முடியாதென்று சொல்லிவிட்டு, கண்ணூர் பார்ட்டிக்கு எம்பாப்பே எண்ணத் தொடங்கினார்.