மட்டக்குளியில் காய்ந்த விதை

மட்டக்குளியில் எதுவும் லேசில் காயாது. கொழும்பில் களனி கங்கை கடலில் விழுகிற மூலை அது. காக்கைதீவுப் பக்கமிருந்து வரும் காற்றில் யன்னல் கம்பி துருவேறும், உப்புப் போத்தல் தண்ணி விடும். அங்கேதான் எங்கள் அம்மம்மா யாழ்ப்பாணத்துத் தென்மராட்சி விதைகளை உயிரோடு வைத்திருக்கப் பாடுபட்டா.

1990 இல் யாழ்தேவி ரயில் நின்றபின், ஊரிலிருந்து விதை வர வழியில்லை. கொண்டுவந்திருந்தவை ஹோர்லிக்ஸ் போத்தல்களில் குசினித் தட்டில் இருந்தன: கத்தரி, பயித்தங்காய், குரக்கன், எள்ளு. அடியில் சாம்பல், மேலே காய்ந்த வேப்பிலை, மூடியைச் சுற்றி மெழுகு. மொட்டைக்கறுப்பன் நெல்லுக்கு மட்டும் தனித் தகரப்பேணி. ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது விதை அறிவியல். அம்மம்மாவின் கருவி பல். கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும். நசிந்தால் திரும்பவும் தகரக்கூரைக்கு.

பெயின்ற் வாளிகளில் பயித்தங்காய் ஆண்டுதோறும் காய்த்தது. கத்தரி மழையில் அழுகி அழுகி, மிஞ்சிய ஒரு செடியில் விதை எடுத்தோம். வெள்ளவத்தையிலிருந்து 155 பஸ்ஸில் வெறும் போத்தலோடு ஆட்கள் வருவார்கள். காசு வாங்கமாட்டா. எடுத்த அளவுக்கு இரட்டிப்பாய்த் திருப்பித் தரவேண்டும். தமிழ்நாட்டில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் பழைய நெல்களைக் காத்த நெல் ஜெயராமனும் இரண்டு கிலோ கொடுத்து நாலு கிலோ வாங்கினார் என்று பின்னால் படித்தபோது சிரிப்பு வந்தது.

புது நெல்லின் மேல் அம்மம்மாவுக்கு இளக்காரம். 1958 இல் பத்தலகொடையில் வந்த எச்-4 இன் பெற்றோரில் ஒன்று முருங்கக்காயன் என்ற நம் பழைய நெல்தான். அதைச் சொன்னபோது, "அப்ப தாயை ஏன் கைவிட்டவை?" என்றா.

2002 ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்கு ஏ-9 பாதை திறந்தது. அந்த ஆவணியில் ஊரில் புழுதி விதைப்பாய் மொட்டைக்கறுப்பனைப் போட்டோம். ஒன்றுகூட முளைக்கவில்லை. பன்னிரண்டு வருடம் மட்டக்குளிக் காற்றில் பேணிக்குள் கிடந்த நெல். வாளிப் பயித்தங்காய் கொடியேறி நின்றது.

1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் கிளிநொச்சிப் பக்கம் போன சொந்தக்காரர் போகம் தவறாமல் மொட்டைக்கறுப்பன் விதைத்து வந்திருக்கிறார்கள். அவர்களிடம் அம்மம்மா இரண்டு கொத்து வாங்கினா. வரும் மாசியில் நாலாய்க் கொடுக்கவேண்டும் என்று அவவேதான் ஞாபகப்படுத்தினா.