கிராணி வாத்தியாரான கதை

முற்காலத்தில் மலாயாத் தோட்டங்களில் பள்ளிக்கூடம் வைப்பதற்கு, பயிற்சி பெற்ற உபாத்தியாயர் வேண்டுமென்று பலரும் கருதினாரில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தார் பள்ளி நடத்தவேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் விதித்தது. தோட்டத்தாரோ எழுத்தறிந்த கங்காணியையோ, கணக்கெழுதும் கிராணியையோ, சிற்சில இடங்களில் நாலெழுத்துத் தெரிந்த தொழிலாளியையோ பலகைக்கு முன் நிறுத்திவிட்டுச் சட்டத்தின் வாயை அடைத்தனர். அவர்களிடம் படித்தவர்களும் படித்தார்கள். அடி மட்டும் வாங்கிக்கொண்டு போனவர்களும் போனார்கள்.

இந்தப் பழைய வேடம் நமக்கும் ஒருநாள் வாய்க்கும் என்று நாம் கனவிலும் எண்ணியதில்லை. நாம் சிலாங்கூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்த்து வருகிறோம். பிறந்தது ஜொகூர் பாருவில்; படித்ததோ, விடியுமுன் எழுந்து பாலங் கடந்து, சிங்கப்பூரில். அங்கே கணக்கும் விஞ்ஞானமும் சரித்திரமும் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழ் தாய்மொழி வகுப்பில் மட்டும் தலை காட்டிப் போகும் விருந்தாளி. அவ்வாறு படித்து ஆங்கிலம் வாய்க்கப் பெற்றதனால், ஆங்கிலம் படிக்கும் வழி அதுவொன்றே என்று நாம் நம்பியிருந்தோம். நம்மைப் போன்றோருக்கு இந்த நம்பிக்கை சற்று அதிகமாகவே உண்டு.

நிற்க. 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நண்பர் ஒருவர் வந்து, இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடி வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஆண்டிறுதி விடுமுறையில் நான்கு வாரம் ஆங்கிலமும் தமிழும் கலந்து வகுப்பு நடத்த ஆள் வேண்டுமென்றார். மேல்நாடுகளில் இதனைக் கோடைகால வகுப்பு என்பர். நமது நாட்டிலோ கோடையாவது குளிராவது! நமக்கு ஆண்டு விடுப்பில் 12 நாள் மிச்சமிருந்தது. சனி, ஞாயிறு கூட்டினால் சரியாக வரும் என்று கணக்குப் பார்த்து ஒப்புக்கொண்டோம். கிராணிக்குக் கணக்குத்தானே முதலில் தோன்றும்?

வகுப்பு, ஒரு டயர்க் கடையின் மேல்மாடி அறை. பிள்ளைகள் 23 பேர். பதினொரு வயது முதல் பதினேழு வரை. யாழ்ப்பாணம், வவுனியா, முல்லைத்தீவு, மட்டக்களப்பு என்று பெற்றோரின் ஊர்கள் பல. இங்கேயே பிறந்தவர் சிலர். 2009ஆம் ஆண்டு போர் முடிந்த பின்னர்க் கைக்குழந்தையாய் வந்தவர் சிலர். மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையொப்பமிட்ட நாடன்று. ஆகையால் இப்பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளியில் இடமில்லை. தொண்டர்கள் நடத்தும் இத்தகைய அறைகளே பள்ளிக்கூடம். கனடாவோ ஆஸ்திரேலியாவோ அமெரிக்காவோ என்றேனும் ஒருநாள் ஏற்றுக்கொள்ளும் என்று குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. ஆங்கிலத்தின்மேல் அவர்களுக்கிருந்த ஆவலுக்கு இது காரணம்.

முதல் நாள் நாம் செய்த முதற் காரியம், வகுப்பில் தமிழ் பேசலாகாது என்று சட்டம் போட்டதுதான். பேசினால் பெயர் பலகையில் ஏறும். இருமொழி வகுப்பு என்று அழைத்திருக்க, நாம் ஒரு மொழியை வாசலிலேயே நிறுத்திவிட்டோம். அரை மணி நேரம் ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. கீழே சக்கரத்தின் நட்டுக் கழற்றும் இயந்திரத்தின் ஓசை மட்டும் மேலே வந்துகொண்டிருந்தது. கடைசியில் மூத்த பெண்ணொருத்தி எழுந்து, பெயர் ஏறினாலும் ஏறட்டும் என்ற முகத்துடன், "சேர், விளங்கேல்லை எண்டு சொல்லுறதுக்கு இங்கிலிசில என்ன?" என்று கேட்டாள். நாம் சொல்லிக் கொடுத்தோம். அன்று மாலை வரை 23 பேரும் அந்த ஒரு வாக்கியத்தையே திருத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அந்தச் சட்டத்தைத் தளர்த்தினோம். ஆனால் வேறொரு வம்பில் மாட்டினோம். பிள்ளைகள் நாற்காலியைக் கதிரை என்றார்கள். பேசுவதைக் கதைப்பது என்றார்கள். "கதைப்பதென்றால் கதை விடுவதோ?" என்று நாம் நகைத்து, பலகையில் எழுதித் திருத்தினோம். நம்முடைய தமிழ் தாய்மொழி வகுப்பில் அளந்து கொடுத்த தமிழ். அவர்களுடையது பிறந்தது முதல் வீட்டில் புழங்கும் தமிழ். எதை எது திருத்துவதென்று அப்போது நமக்குத் தோன்றவில்லை. சன்னலோரம் ஒரு பதின்மூன்று வயதுச் சிறுவன் இருந்தான். அவன் அன்று முதல் ஆங்கிலத்திலும் பேசவில்லை, தமிழிலும் பேசவில்லை.

அந்தச் சிறுவனே ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் நம்மிடம் வந்தான். அவனுடைய அன்னைக்கு நீரிழிவு. அகதிகளுக்கென நடக்கும் தருமக் கிளினிக் ஒன்றில் வைத்தியம். அங்கிருந்த சீனப் பெண் டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அம்மையாருக்குத் தமிழன்றி வேறு தெரியாது. இடையே நின்று பேசுபவன் இவன். "சேர், அம்மாவுக்குக் கால் விறைக்குது. அதை இங்கிலிசில எப்படிச் சொல்லுறது?" என்றான். விறைப்பு என்றால் நமக்கு விறைத்து நிற்பது, கட்டையாய் மடங்காதிருப்பது. நாம் கொஞ்சமும் யோசியாமல் "ஸ்டிஃப்" என்றோம். அவன் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டோம். முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தாராம்; தேய்க்கத் தைலம் கொடுத்தாராம். "அம்மா அது இல்லை எண்டு சொல்லுறா சேர். நான் சொன்னது பிழையோ?" என்றான். அப்போதும் நமக்கு விளங்கவில்லை. பக்கத்திலிருந்த பெண் குறுக்கிட்டு, "பல்லுப் பிடுங்கேக்கை விறைப்பூசி போடுவினமெல்லே, அந்த விறைப்பு சேர்" என்றாள்.

நமக்கு உடல் கூசியது. மரத்துப்போவதை அவர்கள் விறைப்பதென்று சொல்கிறார்கள்! நீரிழிவுக்காரரின் பாதம் மரத்துப்போனால், முள் குத்தினாலும் தெரியாது, சுடுதண்ணீர் பட்டாலும் தெரியாது. புண் வந்து, புரையோடி, விரலை எடுக்கும் நிலைக்கும் கொண்டு விடும். டாக்டர் பார்க்கவேண்டியது பாதத்தை. நாம் அவரைப் பார்க்கச் செய்தது முழங்காலை. பிழை சிறுவனுடையதன்று. அவன் சரியான தமிழைத்தான் கொண்டுவந்தான். அதைத் தவறான ஆங்கிலமாக்கி அவன் உள்ளங்கையில் ஏற்றி அனுப்பியது, அவன் தமிழைத் திருத்திய நாம்.

பழைய தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே நின்று பேசியவர்களில் கிராணியும் ஒருவர். வியாதியென்று விடுப்புக் கேட்டவனைச் சோம்பேறியென்று மொழிபெயர்த்த கிராணிகளைப் பற்றித் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்களைக் கெட்ட எண்ணக்காரர்கள் என்றே நினைத்திருந்தோம். கெட்ட எண்ணம் இல்லாமலும் அக்காரியம் நடக்கும் என்பது நமக்கு அன்று தெரிந்தது.

"பிழை என்னுடையது தம்பி" என்று அவனிடம் எல்லோர் முன்னும் சொன்னோம். ஆங்கிலத்தில் "நம்" என்றும், மலாயில் "கெபாஸ்" என்றும் பலகையில் எழுதினோம். "நம்" என்றதும் பிள்ளைகள் சிரித்தார்கள். நம்முடையது என்றல்லவா தமிழில் பொருள்? அவனும் சிரித்தான்.

அன்றைய பாடத்தைக் கட்டி வைத்துவிட்டு, நோவுக்கு வீட்டில் என்னென்ன சொற்கள் சொல்வார்கள் என்று கேட்டு வரச் சொன்னோம். மறுநாள் தாய்மாரிடமும் அம்மம்மாரிடமும் கேட்டு எழுதி வந்தார்கள். குத்துது, கடுக்குது, எரியுது, உளையுது, விறைக்குது என்று பலகை நிறைந்தது. ஒவ்வொன்றும் உடம்பில் எங்கே, எப்படி என்று அவர்கள் நமக்கு நடித்துக் காட்டிய பிறகே ஆங்கிலச் சொல்லைத் தேடினோம். சிலவற்றுக்கு ஒரு சொல் போதாமல் மூன்று சொல் தேவைப்பட்டது.

கதிரைக்கும் நியாயம் வழங்கினோம். போர்த்துக்கீசியர் 1511ஆம் ஆண்டு மலாக்காவையும் 1619ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தையும் பிடித்தவர்கள். அவர்கள் விட்டுச் சென்ற சொற்கள் இரு கரையிலும் உண்டு. பிள்ளைகள் யன்னல் என்பதும் நாம் சன்னல் என்பதும் மலாய்க்காரர் ஜென்டெலா என்பதும் ஒரு தாய்ப் பிள்ளைகள். துவாயும் துவாலாவும், சப்பாத்தும் செப்பாத்துவும் அவ்வாறே. கதிரையும் அந்தக் கப்பலில் வந்ததே. நாம் பலகையில் திருத்தி எழுதியிருந்ததை அழித்தோம்.

வகுப்பின் கடைசி வாரத்தில் சிறுவன் அன்னையுடன் மீண்டும் கிளினிக்குக்குப் போய் வந்தான். இம்முறை டாக்டர், அம்மையாரைக் கண்களை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையொன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்டாராம். வலக்காலின் பெருவிரலடியில் தெரியவில்லை. வீட்டிலும் செருப்பணிய வேண்டும், தினமும் இரவில் பாதத்தைப் பார்க்கவேண்டும் என்று சொல்லி மருந்தை மாற்றிக் கொடுத்தார். இரவில் விளக்கைப் பிடித்துப் பாதத்தைப் பார்ப்பவன் தானே என்று சிறுவன் சொன்னான்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் அந்த மேல்மாடி அறை மூடப்பட்டது. பின்னர் சில குடும்பங்கள் வாடகை கட்ட இயலாமல் இடம் மாறின. அவர்களுள் சிறுவனின் குடும்பமும் ஒன்று. சில மாதங்கள் கழித்து, தோட்டத்தில் சம்பளப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த ஒரு மாலையில், நமது கைப்பேசிக்கு அவனிடமிருந்து செய்தி வந்தது. "சேர், அம்மாவுக்கு இப்ப கெண்டைக்கால் உளையுதாம். பலகையில எழுதினது மறந்து போச்சு. இங்கிலிசில என்ன?"

வாயில் வந்த சொல்லை அனுப்பவில்லை. "உளைவது நடக்கும்போதா, படுத்திருக்கும்போதா? அம்மாவிடம் கேட்டுச் சொல், தம்பி" என்று எழுதிவிட்டு, பட்டியலை மூடி வைத்துக் காத்திருந்தோம்.