எச்சிலும் வாடையும் வெள்ளாவியும்

தமிழில் எச்சில் என்ற சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. பல் முளைக்கும் குழந்தையின் வாயில் வழிந்தால் அது ஜொள்ளு. துடைத்துவிட்டு அதே கன்னத்தில் முத்தம் வைப்போம். ஒரு தலித்தின் உதடு பட்ட டம்ளரில் இருந்தால் அது தீட்டு. அதற்காகவே ஊர் டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்தார்கள். வாயில் ஊறும் நீர் ஒன்றுதான். வாய் யாருடையது என்பதைப் பார்த்துத்தான் சாதி அதற்குப் பெயர் வைக்கிறது.

என் மகளுக்குப் பதினான்கு மாதம். நான்காம் மாதத்தில் தொடங்கிய ஜொள்ளு இன்னும் நிற்கவில்லை. ஒரு நாளைக்கு ஆறு பிப், நான்கு சட்டை. அடையாறில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டு பால்கனிக் கொடியில் எங்கள் துணிக்கு இடமே கிடையாது. துவைத்துக் காயப்போட்ட சட்டையிலும் கழுத்துப் பட்டியில் புளித்த பால் வாடை தங்கிவிடும். போன மாதம் குழந்தையை விடும் காப்பகத்தில், துணிப்பையைத் தனியாக முடிச்சுப் போட்டுக் கொடுத்தபடி கேட்டார்கள்: "ஏம்மா, பாப்பா துணியில ஒரு வாடை அடிக்குதே, உங்க வீட்டுல எப்படித் துவைக்கிறீங்க?"

அங்கே இருக்கும் பன்னிரண்டு குழந்தைகளும் ஜொள்ளு விடுகின்றன. "உங்க வீட்டுல" என்ற கேள்வி மட்டும் எங்களுக்கு. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் வாடகைக்கு வீடு தேடி, "என்ன சமைப்பீங்க?" என்ற கேள்வியைச் சந்தித்த தோழர்களுக்கு இந்தத் தொனி பழக்கமானதுதான். வாடையைப் பற்றிப் பேசுவதுபோல ஆளைப் பற்றிப் பேசுவது. எனவே, வாடை உண்மையில் எங்கிருந்து வருகிறது என்பதையே முதலில் பேசிவிடுவோம்.

வெறும் எச்சிலுக்குப் பெரிய வாடை இல்லை. அதோடு பாலும் ராகிக் கூழும் கலந்து துணி இழைக்குள் இறங்குகின்றன. ஈரத்தில் பாக்டீரியா பெருகி, புரதத்தையும் கொழுப்பையும் உடைக்கிறது. பால் கொழுப்பு உடையும்போது பியூட்டிரிக் அமிலம் வெளிவருகிறது. கெட்டுப்போன வெண்ணெயில் வரும் அதே நாற்றம் அதுதான். இந்த வேதியியலுக்குக் குலமும் இல்லை, கோத்திரமும் இல்லை.

இதற்கு வழியும் எளிமையானது. கழற்றிய துணியை ஈரத்தோடு வாளியில் மூடி வைக்கக் கூடாது. உடனே பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். எடுத்ததும் கொதிநீரை ஊற்றினால் புரதம் இழையோடு இறுகிவிடும். பிறகு என்சைம் உள்ள சோப்புத்தூளில் வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கலாம். தண்ணீரில் ஒரு கரண்டி ஆப்ப சோடா சேர்த்தால் அது அமிலத்தை முறித்து நாற்றத்தைக் குறைக்கும். சோடாவோடு வினிகரைக் கலந்தால் ஒன்றை ஒன்று முறித்துக்கொள்ளும், பயனில்லை. ப்ளீச்சோடு வினிகரைக் கலந்தால் நச்சு வாயு வரும், ஆபத்து. உப்புக் கலந்த போர் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது, அழுக்கோடு சேர்ந்து துணியிலேயே படியும். கடைசி அலசலுக்காவது மெட்ரோ தண்ணீர் நல்லது. வாசனைக்காக ஊற்றும் கம்ஃபர்ட் வகைத் திரவங்களும் இழைமேல் படலமாகப் படிந்து பழைய வாடையைப் பிடித்து வைக்கும். பாலியஸ்டர் கலந்த பிப்பைவிட பருத்தி மேல். பாலியஸ்டர் எண்ணெய்ப் பசையை எளிதில் விடாது.

இத்தனைக்குப் பிறகும் ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள் காயும் துணியில் வாடை திரும்பி வரும். இந்த ஈரத்துணி நாற்றத்துக்கு மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா முக்கியக் காரணம் என்று 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அது உலர்ந்த துணியிலும் பிழைத்துக் கிடக்கும், வெயிலையும் ஓரளவு தாங்கும். அதை அடக்க நல்ல சூடு வேண்டும். ஆகவே முதலில் பச்சைத் தண்ணீரும் காரமும், கடைசியில் சூடு.

இந்த வரிசையைப் படித்ததும் எனக்கு வெள்ளாவிதான் நினைவுக்கு வந்தது. துணியை அலசி, உவர்மண் கரைசலில் முக்கிப் பிழிந்து, பானைமேல் அடுக்கி, கீழே தீ மூட்டி இரவெல்லாம் ஆவியில் வேகவைப்பார்கள். உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட் என்னும் காரம். அது கொழுப்பைக் கரைக்கும், ஆவி கிருமியைக் கொல்லும். ஆய்வகம் இல்லாமல் ஆற்றங்கரையில் உருவான அறிவு இது. அடையாறிலிருந்து பெசன்ட் நகர் போகும் வழியில் வண்ணாந்துறை என்ற நிறுத்தம் இருக்கிறது. தினமும் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் எடுக்கிறோம். அந்தப் பெயருக்குள் இருக்கும் அறிவை யாரும் அறிவு என்று சொல்வதில்லை.

எங்கள் சேரியில் பிள்ளை பெற்ற துணியையும் தீட்டுத் துணியையும் துவைத்தவர்கள் புதிரை வண்ணார். கூலி என்று தனியாக எதுவும் இல்லை. இரவில் வீடு வீடாக வந்து சோறு வாங்கிப் போவார்கள் என்று என் பாட்டி சொல்லியிருக்கிறார். 1932 டிசம்பரில் 'தி இந்து' நாளிதழில் வந்த ஒரு செய்தியை மானுடவியலாளர் ஹட்டன் தன் நூலில் எடுத்துக்காட்டுகிறார். திருநெல்வேலிப் பகுதியில் இவர்களைப் பார்த்தாலே தீட்டு என்பதால் பகலில் வெளியே வர விடவில்லை, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் துவைத்தார்கள் என்கிறது அது. அவர்கள் துவைத்தது ஆதிக்க சாதியினரின் துணி அல்ல, தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட நம்முடைய துணி. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது நம்மில் பலருக்கு உறுத்தியது இதனால்தான்.

புதிரை வண்ணார் பட்டியல் சாதியில் இருக்கிறார்கள். 2009இல் அவர்களுக்கென நல வாரியமும் அமைக்கப்பட்டது. ஆனாலும் சாதிச் சான்றிதழுக்காக அவர்கள் பிள்ளைகள் இன்றும் அலைகிறார்கள். ஊருக்கு ஒன்றிரண்டு குடும்பமாகச் சிதறிக் கிடப்பவர்களுக்கு வாக்கு வங்கியும் இல்லை, ஊர்வலத்துக்குக் கூட்டமும் இல்லை.

"உங்க வீட்டுல எப்படித் துவைக்கிறீங்க?" என்ற கேள்வி என்னைச் சுட்டது உண்மை. அதற்குப் பதில் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது, சொல்லவும் செய்தேன். ஆனால் அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை நமக்குக் கீழேயும் ஒரு படி வைத்திருக்கிறது. மேல் படியைப் பார்த்து மட்டும் கோபப்படுவது பாதி அரசியல்தான்.

கல்லூரியில் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அம்மாவிடமோ பாட்டியிடமோ கேளுங்கள்: நான் பிறந்த துணியைத் துவைத்தது யார்? அவர் பெயர் என்ன? அவர் பேரப்பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? அவர்களிடம் சான்றிதழ் இருக்கிறதா? இல்லையென்றால், அவர்கள் சம்மதத்தோடு, தாலுகா அலுவலகத்துக்குக் கூடவே போங்கள்.